பிரிட், அன்னிகா, பேடி: குற்ற நிருபரே துப்பறியும் மூன்று நாவல் தொடர்கள்

துப்பறியும் நாவலில் காவல் அதிகாரி கதவைத் தட்டினால் உள்ளே இருப்பவர் திறந்தே ஆக வேண்டும். குற்ற நிருபர் தட்டினால் முகத்தில் அறைந்தாற்போல் சாத்திவிடலாம். பிடியாணை, ஆய்வுக்கூடம், கைது செய்யும் உரிமை என எதுவும் அவளுக்கு இல்லை. ஒரு குறிப்பேடும், பக்கங்கள் அச்சுக்குப் போவதற்குள் எழுதி முடிக்க வேண்டிய நெருக்கடியும்தான் உண்டு. ஆனால் காவல் அதிகாரிக்கு இல்லாத ஒரு வலிமை அவளிடம் இருக்கிறது: தெரிந்துகொண்டதை மறுநாள் காலையில் ஊர் முழுக்கப் படிக்க வைக்க அவளால் முடியும். ஆகவே இவ்வகை நாவல்களில் கொலையாளி யார் என்ற கேள்விக்கு நிகராக, அச்சேறிய செய்திக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்வியும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அமெரிக்காவின் பிரிட் மான்டெரோ, சுவீடனின் அன்னிகா பெங்க்ட்ஸோன், ஸ்காட்லாந்தின் பேடி மீஹன் ஆகிய மூவரையும் அருகருகே நிறுத்திப் பார்க்கிறேன்.

பிரிட் மான்டெரோவைப் படைத்த எட்னா புக்கானன், 'மயாமி ஹெரால்ட்' நாளிதழில் பல ஆண்டுகள் காவல் துறைச் செய்திகளை எழுதி, 1986இல் புலிட்சர் பரிசு பெற்றவர். 1979 டிசம்பரில் ஆர்தர் மெக்டஃபி என்ற கறுப்பினக் காப்பீட்டு முகவர் மயாமியை உள்ளடக்கிய டேட் கவுண்டியின் காவலர்களால் அடித்துக் கொல்லப்பட்டு, அது மோட்டார் சைக்கிள் விபத்து என்று பதிவு செய்யப்பட்டபோது, அந்தப் பொய்யை வெளிக்கொணர்ந்தவர்களில் முதன்மையானவர் அவர். காவலர்கள் 1980 மே மாதம் விடுதலையானதும் வெடித்த கலவரத்தில் 18 பேர் உயிரிழந்தனர். பிரிட் அறிமுகமாகும் 'கன்டென்ட்ஸ் அண்டர் பிரஷர்' (1992) நாவலில், ஒரு முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் காவல் துறையின் துரத்தலுக்குப் பின் இறப்பதும் அதைத் தொடர்ந்து நகரம் கொந்தளிப்பதும் அந்த அனுபவத்திலிருந்து வந்தவை என்பதை எளிதில் உணரலாம். கியூபத் தந்தைக்கும் அமெரிக்கத் தாய்க்கும் பிறந்தவள் பிரிட். காஸ்ட்ரோ ஆட்சியில் சுட்டுக் கொல்லப்பட்ட தந்தையின் நினைவு அவளோடு எப்போதும் இருப்பதால், மயாமியின் கியூபக் குடியிருப்புகளை அவள் வெளியாளின் கண்ணோடு பார்ப்பதில்லை.

இந்தத் தொடரின் பலம் சம்பவங்களின் பெருக்கு. மையக் கதையோடு தொடர்பில்லாத விபத்துகளும் விசித்திர மரணங்களும் பக்கத்துக்குப் பக்கம் வந்து போகும். ஒரு நிருபரின் நாள் உண்மையில் அப்படித்தான் சிதறிக் கிடக்கும். பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. பிரிட் பெரும்பாலும் சரியான பக்கத்திலேயே நிற்கிறாள். அவள் எழுதியதால் கலவரமே மூண்டாலும், எழுதியிருக்கக் கூடாதோ என்ற உறுத்தல் அவளிடம் நெடுநாள் தங்குவதில்லை.

அன்னிகாவைப் படைத்த லிசா மார்க்லுண்டும் பத்திரிகையாளராக இருந்து எழுத்தாளரானவர். ஆனால் அவருடைய கவனம் தெருவை விடச் செய்தி அறையின் மீதே அதிகம். 'தி பாமர்' என்று ஆங்கிலத்தில் வந்த, தொடரின் முதல் நாவல் சுவீடனில் 1998இல் வெளியானது. 2004 ஒலிம்பிக் போட்டியை நடத்தும் வாய்ப்பு 1997இல் ஏதென்ஸுக்குச் சென்றுவிட, ஸ்டாக்ஹோம் ஏமாந்தது. அந்தப் போட்டி ஸ்டாக்ஹோமுக்கே கிடைத்துவிட்டதாகக் கற்பனை செய்யும் நாவல், விளையாட்டு அரங்கில் குண்டு வெடித்து ஏற்பாட்டுக் குழுவின் தலைவியே கொல்லப்படுவதிலிருந்து தொடங்குகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில், ஒரு மாலைப் பத்திரிகையின் குற்றப் பிரிவுத் தலைவராக அண்மையில் உயர்த்தப்பட்ட அன்னிகாவிடம் அந்தச் செய்தி வந்து சேர்கிறது. அவளுடைய பதவி உயர்வைச் செரிக்க முடியாத சக ஊழியர்கள், வீட்டில் காத்திருக்கும் இரண்டு குழந்தைகள், பொறுமை இழந்துகொண்டிருக்கும் கணவன் தாமஸ் என்று மூன்று புறமும் நெருக்கடி.

காலை ஆசிரியர் கூட்டத்தில் எந்தச் செய்தி யாருக்கு, எது முதல் பக்கம், எந்தத் தகவலை உறுதி செய்யாமல் போடக் கூடாது என்று நடக்கும் வாதங்களை இவ்வளவு துல்லியமாக எழுதிய குற்ற நாவல் வேறொன்றை நான் படித்ததில்லை. காவல் துறையில் 'க்யூ' என்று மட்டும் அறியப்படும் அதிகாரியோடு அன்னிகாவுக்கு இருப்பது ஒருவகைப் பண்டமாற்று. நட்பும் அவநம்பிக்கையும் அதில் சம அளவில் கலந்திருக்கின்றன. பிரிட்டின் தொடரில் காவலர்களுடனான நெருக்கம் அவ்வப்போது காதலாக மாறிக் கதையை மென்மையாக்கிவிடுகிறது. மார்க்லுண்ட் அந்தத் தூரத்தைக் காப்பாற்றுகிறார். அவரிடம் எனக்குள்ள குறை, நாவலின் இறுதிப் பகுதிகள். செய்தி சேகரிப்பால் நகர்ந்த கதை, முடிவில் நாயகியின் உயிருக்கு ஆபத்து என்ற பழகிய தடத்துக்குள் போய்விடுகிறது.

டெனிஸ் மினா இவ்விருவரையும் போலப் பத்திரிகை அலுவலகத்திலிருந்து வந்தவர் அல்லர். ஆயினும் நான் எடுத்துக்கொண்ட கேள்விக்கு ஆழமான பதிலைத் தருவது அவருடைய முத்தொகுதிதான். 'தி ஃபீல்ட் ஆஃப் பிளட்' (2005) நாவலில் பேடி மீஹன் நிருபராகக்கூட ஆகவில்லை; 1981இன் கிளாஸ்கோவில், பத்திரிகை அலுவலகத்தில் கூப்பிட்ட குரலுக்கு ஓடி, தேநீர் வாங்கி, தட்டச்சுத் தாள்களை மேசைக்கு மேசை கொண்டு சேர்க்கும் பதினெட்டு வயதுக் கடைநிலை ஊழியர். ஒரு குழந்தை கொல்லப்படுகிறது. பிடிபடும் இரு சிறுவர்களில் ஒருவன், அவளுடைய வருங்காலக் கணவனின் உறவுக்காரப் பையன். அந்த உண்மையை மனம் தாங்காமல் அலுவலகத் தோழி ஒருத்தியிடம் சொல்ல, தோழி அதைச் செய்தியாக்கிவிடுகிறாள். பேடியின் கத்தோலிக்கக் குடும்பம் அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஒரே மேசையில் அமர்ந்தபடியே அவளோடு பேசுவதை நிறுத்திவிடுகிறது. அந்த மௌனம் நிலவும் பக்கங்களை நான் இருமுறை படித்தேன். இதன் பின் உண்மையைத் தேடிப் போகும் பேடியும் குற்றமற்றவளாக இருப்பதில்லை: விசாரிக்கப் போகும் இடத்தில் அவள் தன் சொந்தப் பெயரைச் சொல்வதில்லை, அந்தச் சிறிய பொய்க்கு வேறொருவர் மிகப் பெரிய விலை கொடுக்க நேர்கிறது. நிருபர்கள் தொழில் தந்திரம் என்று சாதாரணமாகக் கருதும் ஒன்றை இவ்வளவு கடுமையாக விசாரித்த துணிச்சல் மற்ற இரு தொடர்களிலும் இல்லை.

அவளுடைய பெயரிலேயே ஒரு வழக்கு பொதிந்திருக்கிறது. 1969இல் ஏர் நகரில் நடந்த கொலைக்காகத் தவறாகத் தண்டிக்கப்பட்டு, ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் சிறையில் கழித்து, 1976இல் மன்னிப்பு வழங்கப்பட்ட பேட்ரிக் மீஹன் உண்மையில் வாழ்ந்தவர். பத்திரிகையாளர் லுடோவிக் கென்னடியின் இடைவிடாத எழுத்து அந்த விடுதலைக்குப் பெரிதும் உதவியது. பெயர் ஒற்றுமையால் சிறுவயது முதலே அந்த வழக்கைப் பின்தொடர்ந்த பெண்ணுக்கு, எழுத்து ஒரு மனிதனைச் சிறையிலிருந்து மீட்கும் என்ற நம்பிக்கை பிறந்ததில் வியப்பில்லை. அதே எழுத்து ஒரு குடும்பத்தைச் சிதைக்கும் என்பதையும் அவளே அனுபவிக்கிறாள்.

இரண்டாம் நாவலான 'தி டெட் ஹவர்' (2006) 1984இல் நிகழ்கிறது. இரவுப் பணியில் காவல் வானொலியைக் கேட்டபடி காரில் சுற்றும் பேடி, வசதியானவர்கள் வாழும் பகுதியில் ஒரு வீட்டு வாசலை அடைகிறாள். உள்ளே முகத்தில் இரத்தத்தோடு ஒரு பெண் நிற்கிறாள். வாசலில் நிற்பவன் இதை எழுத வேண்டாம் என்று 50 பவுண்டு நோட்டு ஒன்றைப் பேடியின் கையில் திணிக்கிறான். வேலையிழந்தவர்கள் நிறைந்த வீட்டை ஒற்றைச் சம்பளத்தில் தாங்கும் அவள் அதை வாங்கிக்கொள்கிறாள். மறுநாள் அந்தப் பெண் பிணமாகக் கிடைக்கிறாள். பிரிட்டையோ அன்னிகாவையோ அந்த வாசலில் நிறுத்திப் பார்த்தேன். இருவரும் நோட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள், கதையும் அங்கேயே நின்றிருக்கும்.

கில்லியன் ஃப்ளின்னின் 'ஷார்ப் ஆப்ஜெக்ட்ஸ்' (2006) நாவலில் வரும் கமீல் பிரீக்கரை ஏன் சேர்க்கவில்லை என்று சிலர் கேட்கக்கூடும். சிகாகோவிலிருந்து சொந்த ஊருக்குச் செய்தி எழுத அனுப்பப்படும் கமீல் நிருபர்தான். ஆனால் அந்த நாவலின் உயிர் தாய்க்கும் மகளுக்கும் இடையிலான வதையில் இருக்கிறது, செய்தித் தொழில் அவளை அங்கே கொண்டுசேர்க்கும் வாகனம் மட்டுமே.

பயணத்தில் படிக்க, விறுவிறுப்பு போதும் என்பவர்கள் பிரிட்டை எந்த நாவலிலிருந்தும் தொடங்கலாம். அன்னிகாவின் தொடரில் இரண்டாவதாக வெளிவந்த நாவல், அவள் கோடைக்காலத் தற்காலிக ஊழியராக இருந்த பழைய நாட்களுக்குத் திரும்பிச் செல்கிறது; அப்படியிருந்தும் வெளியான வரிசையிலேயே படிப்பது நல்லது, ஏனெனில் குற்றப் பிரிவுத் தலைவராக அறிமுகமான பெண் எத்தகைய வன்முறையைத் தாண்டி வந்தாள் என்பது பிறகு தெரியவரும்போதுதான் அதன் கனம் புரியும். பேடியை மட்டும் வரிசை மாற்றிப் படிக்கவே கூடாது. 1990இல் நிகழும் மூன்றாம் நாவலில், 1981இல் பிடிபட்ட அந்த உறவுக்காரச் சிறுவன் கேலம் இளைஞனாகச் சிறையிலிருந்து வெளியே வருகிறான். ஊரிலுள்ள பத்திரிகைகள் எல்லாம் அவனுடைய பேட்டிக்காக அலைகின்றன, இப்போது பெயர் பெற்ற எழுத்தாளராகிவிட்ட பேடிக்கு அவன் இருக்கும் இடம் தெரியும்.