வெண்புள்ளிக்கு ஒளிச்சிகிச்சையும் விற்றமின் மாத்திரைகளும்: சில ஆண்டுகால அனுபவம்

தலவாக்கலையில் வசிக்கும் நான், 2021 ஆம் ஆண்டு முதல், இடையிடையே நின்றும் மீண்டும் தொடங்கியும், வெண்புள்ளிக்காகக் கண்டிக்குச் சென்று ஒளிச்சிகிச்சை பெற்று வருகிறேன். இதனுடன் எந்த விற்றமினைச் சேர்த்தால் நிறம் சீக்கிரம் திரும்பும் என்பதுதான் இந்நோயுள்ளவர்களும் அவர்களது பெற்றோரும் என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி. என் அனுபவத்தில் நிறத்தைக் கொண்டுவந்தது விளக்கு. மாத்திரைகள் என் இரத்தத்திலிருந்த ஒரு குறையைத் தீர்த்தன. அவ்விரண்டும் வெவ்வேறு வேலைகள்.

எனக்குக் கொடுக்கப்படுவது ஏறத்தாழ 311 நானோமீற்றர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை, அடுத்தடுத்த நாட்களில் அல்லாமல், மிகக் குறைந்த அளவில் தொடங்கி, தோல் இலேசாகச் சிவந்து ஒரு நாளுக்குள் தணியும் நிலை வரும்வரை அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். இக்கதிர் நிறச்செல்களைத் தாக்கும் எதிர்ப்பாற்றலை அடக்குவதோடு, மயிர்க்கால்களில் எஞ்சியிருக்கும் நிறச்செல்களையும் தூண்டிவிடுகிறது. வெள்ளைத் திட்டின் நடுவே முதலில் தவிட்டு நிறப் பொட்டுகள் மயிர்க்கால்களைச் சுற்றித் தோன்றி, பின்னர் ஒன்றோடொன்று கலப்பதற்குக் காரணம் இதுவே. மயிர் இல்லாத விரல் நுனிகளும் உதடுகளும் எளிதில் இணங்காமைக்கும் இதையே காரணமாகச் சொல்கிறார்கள். என் முகமும் கழுத்தும் முதல் ஆண்டிலேயே பெருமளவு தேறின. கைவிரல்களில் இன்றுவரை மாற்றமில்லை. சில மாதங்கள் சென்றபின்னரே பலன் இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்க இயலும் என்பதால், நான்கைந்து வாரங்களில் மனம் தளர்ந்து விடுபவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இனி மாத்திரைகள். நான் சிறுவயதிலிருந்தே மரக்கறி உணவு மட்டும் உண்பவள். நாக்கு எரிவும் ஓயாத களைப்பும் இருந்ததால் தோல் வைத்தியர் எழுதிய இரத்தப் பரிசோதனையில் விற்றமின் பி12 மிகக் குறைவாக இருந்தது. வெண்புள்ளி உள்ளவர்களிடம் தைரொயிட் கோளாறும், இரைப்பைக் கோளாறால் உடல் பி12 ஐ உறிஞ்சவியலாத ஒருவகை இரத்தசோகையும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுவதால், அப்பரிசோதனை யாருக்கும் வீண்செலவல்ல என்பது என் கருத்து. முதலில் ஊசியும் பிறகு மாத்திரையும் எடுத்தேன், களைப்பு போயிற்று. கூடவே கொடுத்த போலிக் அமிலம், தோட்டத்து மருத்துவிச்சி கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொடுக்கும் அதே சிறிய குளிசைதான். அதனை மட்டும் அதிக அளவில் விழுங்கினால் பி12 குறைபாடு மறைந்து நின்று நரம்புகளைக் கெடுக்கக்கூடும் என்பதால், இரண்டையும் பரிசோதனையின்றித் தொடங்குவது நல்லதன்று.

இவ்விரண்டு விற்றமின்களுக்கும் வெண்புள்ளி மருந்து என்ற பெயர் வரக் காரணம், 1997 இல் சுவீடனில் வெளியான ஓர் ஆய்வு. நூறு பேருக்கு இவற்றைக் கொடுத்து வெயிலிலும் இருக்கச் செய்தபோது பாதிப் பேரளவில் நிறம் ஓரளவு திரும்பியது. ஆனால் வெயிலில் மட்டும் இருந்த ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை. 2002 இல் நெதர்லாந்தில் ஒரு குழுவுக்கு ஒளி மட்டும், மற்றதற்கு ஒளியோடு இவ்விரு விற்றமின்களும் எனப் பிரித்துப் பார்த்தபோது இரு குழுக்களும் ஒரேயளவில்தான் தேறின. இதற்கு மாறாக, 2007 இல் இத்தாலியில் அல்பா லிபோயிக் அமிலத்தையும் விற்றமின் சி, ஈ ஆகியவற்றையும் ஒளியோடு சேர்த்தவர்கள் கூடுதல் பலன் பெற்றனர். அது 35 பேரை மட்டுமே சேர்த்த சிறிய ஆய்வு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்தக் கூட்டு மாத்திரையை நானும் எடுத்தேன். 2022 எரிபொருள் நெருக்கடியின்போது பஸ் கிடைக்காமல் கண்டிப் பயணம் மாதக்கணக்கில் தடைப்பட்டது. கையிருப்பிலிருந்த மாத்திரைகளை ஒழுங்காக விழுங்கிவந்தேன். அக்காலத்தில் ஒரு புதிய தவிட்டு நிறப் பொட்டும் வரவில்லை. கழுத்தோரத்தில் வந்திருந்த நிறம் சற்று மங்கவும் செய்தது. பயணம் மீண்டும் தொடங்கிய வேளையில் மாத்திரையின் விலை என் சம்பளத்துக்கு எட்டாததாகிவிட, விளக்கை மட்டும் தொடர்ந்தேன். பொட்டுகள் முன்போலவே வந்தன. ஓர் உடலில் நடந்ததை வைத்துச் சட்டம் எழுத முடியாதுதான். ஆயினும், பஸ் காசா மாத்திரைக் காசா என்ற நிலை வருமானால் நான் பஸ் ஏறிவிடுவேன்.

விற்றமின் டி வேறு கதை. புற ஊதாக் கதிர் படும்போது தோலே அதனைத் தயாரிக்கிறது; ஆகவே ஒளிச்சிகிச்சை பெறுபவருக்கு அதன் அளவு தானாகவே உயரக்கூடும். இதை அறியாமல் பெரிய அளவு குளிசைகளைத் தினமும் எடுப்போருக்கு இரத்தத்தில் கல்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். நாகம் (சிங்க்) என்ற தாதுச்சத்தையும் அளவின்றி நெடுங்காலம் எடுத்தால் உடலில் செம்பு குறையும். வீட்டு முற்றத்து வெயில் போதுமே என்பாருக்கு ஒன்று: உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிரின் வலிமையும் கூடும், மூட்டம் அதை முழுமையாகத் தடுப்பதில்லை. நுவரெலியாவின் குளிரில் சூடு தெரியாமலே வெள்ளைத் திட்டுகள் கருகிவிடும்.

உணவு விலக்கு பற்றியும் சொல்ல வேண்டும். மீனும் பாலும் சேரக்கூடாது, புளிப்பு ஆகாது, தேசிக்காய் தொடக்கூடாது என்று என் மாமியார் உட்படப் பலரும் அன்போடு கட்டளையிட்டார்கள். மீன் எனக்கு முன்பே இல்லை. தேசிக்காயை நான் விடவில்லை, அதனால் எந்தத் திட்டும் பெருகவுமில்லை. உண்மையில் பெருக வைப்பது உராய்வும் காயமும்: எங்கள் உறவில் கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவுக்குக் கூடைக் கயிறு அழுந்தும் உச்சந்தலையோரத்திலேயே வெள்ளைக் கோடு விழுந்தது.

கார்போகரிசி சேர்ந்த நாட்டு மருந்துகளை எடுப்போர் அதை ஒளிச்சிகிச்சைத் தாதியிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அவ்விதையிலுள்ள சோரலின் என்ற பொருள் தோலின் ஒளியுணர்வைப் பன்மடங்கு கூட்டுவதால், வழக்கமான அளவுக் கதிரே கொப்புளம் எழுப்பப் போதும். பெயர் தெரியாவிட்டால் போத்தலையே கையோடு கொண்டு செல்லுங்கள். ஒளிச்சிகிச்சைக் கூண்டுக்குள் நுழைவதற்கு முன்பு காட்டுங்கள்.