ஸ்னேர் ‘ணங்’குதா? டேப், ஜெல், வளையம், ஹெட்: எது தேறும்?

தகரக் கூரை போட்ட மண்டபத்தில் டிரம்ஸ் வாசித்தவர்களுக்குத் தெரியும். ஸ்னேரில் (அடியில் கம்பிச்சுருள் கட்டிய, ‘சர்’ என்று அதிரும் சின்ன டிரம்) ஒரு அடி விழுந்தால் அடி முடிந்த பிறகும் ‘ணிங்ங்’ என்று ஒரு வால் தொங்கிக்கொண்டே இருக்கும், பக்கத்து டாமும் (கம்பி இல்லாத டிரம்) கூடச் சேர்ந்து முனகும். இந்த வாலைத்தான் ரிங் என்கிறோம். நோம்பி, திருவிழாக் கச்சேரிகளுக்குப் போய் வருகிறவன் என்ற முறையில், இதற்கு நான் பண்ணிப் பார்த்த வைத்தியங்களைச் சொல்கிறேன்.

காசு செலவழிக்கும் முன் டியூனிங் கீயை எடுங்க. ஒவ்வொரு லக்குக்கு (ஹெட்டை, அதாவது டிரம்மின் தோலை, இழுத்துப் பிடிக்கும் திருகு இருக்கும் இடம்) முன்னாலும் ஒரு அங்குலம் உள்ளே தள்ளித் தட்டி, எல்லா இடமும் ஒரே சுருதியில் இருக்கிறதா என்று பாருங்க. அலையடிக்கிற மாதிரி வரும் ரிங் இதிலேயே அடங்கிவிடும். அப்புறமும் மிச்சம் இருப்பது தோலின் குணம். வெறும் தோலில் மேல்சுரங்கள் அடிச்சுரத்தின் 1.59, 2.14 மடங்கு என்று கோணல்மாணலாக விழும். மிருதங்கத்தில் நடுவே கரணை என்ற கறுப்புப் பூச்சை வைத்து அதை நேராக்கிவிட்டார்கள், 1920லேயே சி.வி.ராமன் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். டிரம்ஸில் கரணை கிடையாது. அதனால்தான் விளிம்பில் ஏதாவது ஒட்டி அடக்க வேண்டியிருக்கிறது. விளிம்பில் வைத்தால் மேல்சுரம் மட்டும் குறையும், நடுவுக்குக் கொண்டுபோகக் கொண்டுபோக அடிச்சுரமும் சேர்ந்து செத்துப்போகும்.

ஸ்னேருக்கு டேப்பா, தோல்மேல் ஒட்டும் ஜெல் வில்லையா என்றால், மேடைக்கு நான் டேப் கட்சி. டிஷ்யூவை மடித்து, விளிம்போரம் வைத்து, மேலே துணி டேப் இரண்டு துண்டு ஒட்டினால் போதும். செல்லோ டேப் வேண்டாம், பசை தோலிலேயே தங்கிவிடும். ஜெல் வில்லையை நினைத்த இடத்துக்கு நகர்த்தலாம், வேண்டாமென்றால் பாதியாக வெட்டிக்கொள்ளலாம், உண்மையிலேயே நல்ல சாமான்தான். ஆனால் பங்குனி வெயிலில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு திறந்த மேடையில் என் வில்லை இளகி, பாட்டு நடுவில் வழுக்கிக் கீழே விழுந்து, புழுதியைப் பூசிக்கொண்டது. சோப்புத் தண்ணீரில் கழுவினால் மறுபடி ஒட்டும், சரி, கச்சேரி நடுவில் எங்கே போய்க் கழுவ?

தோலின் ஓரத்தில் வைக்கும் பிளாஸ்டிக் வளையம் ரிங்கை ஒரே போடாகப் போட்டுவிடும், கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும் என்றாலும் விடாது. காசு கொடுத்தும் வாங்க வேண்டாம். தேய்ந்த பழைய ஹெட்டின் ஓரத்திலிருந்து ஒரு அங்குல அகலத்துக்கு வெட்டிக்கொள்ளுங்க, அதே வேலை.

டாமுக்கு வேறு கதை. ரெமோ பின்ஸ்ட்ரைப் மாதிரி இரட்டைப் படல ஹெட் போட்டால் அடக்கம் ஓரத்திலேயே கட்டப்பட்டிருக்கும், மேலே எதுவும் ஒட்ட வேண்டியதில்லை. செலவு ஜாஸ்தி, திறந்த சத்தம் வேண்டும் என்கிற நாளில் அதைக் கழற்றி வைக்கவும் முடியாது. பீட்டில்ஸ் ரெக்கார்டிங்குகளில் ரிங்கோ ஸ்டார் டிரம்ஸ் மேல் டீ டவலைப் போட்டு வாசித்திருக்கிறார். ஈரோட்டுத் துண்டை விரித்தாலும் அதே மொத்தைச் சத்தம் வரும், குச்சி மட்டும் எம்பாது. ரெக்கார்டிங்குக்கு ஓகே, மேடைக்கு வேண்டாம்.

கிக்கில் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) எனக்குச் சந்தேகமே இல்லை. ஓரத்தில் ஃபோம் வைத்த இவான்ஸ் ஈமேட் அருமையான ஹெட்தான், ஆனால் திருப்பூர் பனியன் வேஸ்ட் இரண்டு கை அள்ளி, இரண்டு ஹெட்டையும் லேசாகத் தொடும்படி உள்ளே போட்டால் எனக்கு அதுவே போதுமாக இருக்கிறது.

ஒன்று, ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டு எல்லாவற்றையும் அடக்கிவிடாதீங்க. கீபோர்டும் பேஸும் ஏறிய பிறகு கூட்டத்துக்கு அந்த ரிங்கில் பாதிகூடக் கேட்காது. வேறு யாரையாவது அடிக்கவிட்டு, பத்து வரிசை நாற்காலி தள்ளி நின்று கேட்டுவிட்டு, அப்புறம் டேப்பைக் கையில் எடுங்க.