கோடைக்கு எந்த பிரேக் ஆயில்: டாட் 3-ஆ, டாட் 4-ஆ?

மே மாத வெயிலில் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கப் போகிறவர்கள் டயரைப் பார்க்கிறார்கள், பிரேக் பேடைப் பார்க்கிறார்கள், பிரேக் ஆயிலை மட்டும் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. டாட் (DOT) 3, 4 என்பவை பிரேக் ஆயிலின் தர வகைகள். புதிதாக இருக்கும்போது டாட் 3 கொதிக்கக் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வேண்டும், டாட் 4-க்கு 230. சரி, டாட் 4 தான் மேல் என்று முடித்துவிடலாமா? இரண்டுமே காற்றின் ஈரத்தை உறிஞ்சுபவை; ஈரம் ஏறிய பிறகு தரவிதியே கேட்பது டாட் 3-க்கு 140, டாட் 4-க்கு 155 தான். அதாவது பழைய டாட் 4-ஐ விட புது டாட் 3 எவ்வளவோ பாதுகாப்பு. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி சேரும், பெடல் மெத்தென்று உள்ளே போகும், வண்டி நிற்காது.

மலைப்பாதையில் ஓட்டுபவர்களுக்கு என் ஓட்டு டாட் 4-க்கே, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதாக இருந்தால். டாட் 3 கேட்கும் வண்டியிலும் அதை ஊற்றலாம். டாட் 4 என்று வண்டியின் பிரேக் ஆயில் தொட்டி மூடியில் போட்டிருந்தால் டாட் 3 வேண்டாம். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ இவற்றோடு கலக்கவே கூடாது. அப்புறம், எதை ஊற்றினாலும் இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள்.