‘மைனஸ் 40 தாங்கும்’ பேட்டரியா? முதலில் தராசில் வையுங்கள்

வீடியோ லைட்டுக்கென்று ஆன்லைனில் வாங்கிய என்பி-எஃப்970 வகை (வீடியோ லைட், கேமராவில் செருகும் பெட்டி வடிவ லித்தியம்-அயான்) பேட்டரி இரண்டு. லேபிளில் கொள்ளளவு 8800 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் அவர்), மைனஸ் 40 டிகிரி வரை வேலை செய்யும் என்று கொட்டை எழுத்தில். பனியில் 10 வாட் லைட் அரை மணி நேரம்கூட எரியவில்லை. புகாருக்கு விற்பனையாளரின் பதில்: “குளிரில் எந்த பேட்டரியும் அப்படித்தான் சார்.”

இந்தப் பதிலில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல். குளிரில் லித்தியம்-அயான் செல்லுக்குள் அயனிகளின் ஓட்டம் மந்தமாகி உள்மின்தடை ஏறும். லோடு விழுந்ததும் வோல்டேஜ் சரியும். சார்ஜ் தீர்ந்ததாக நினைத்து கருவி அணைந்துவிடும். ஆனால் சார்ஜ் உள்ளேயேதான் இருக்கும், சூடு ஏறியதும் திரும்பக் கிடைக்கும்.

இவற்றில் கிடைக்கவில்லை. அறை வெப்பத்தில் முழு சார்ஜோடு ஒரு பேட்டரியில் அதே லைட் எரிந்தது 2 மணி 20 நிமிடம். அதாவது சுமார் 23 வாட் அவர், 7.4 வோல்ட்டால் வகுத்தால் 3150 எம்ஏஎச். லேபிள் நிஜமாக இருந்தால் 65 வாட் அவர் வந்திருக்க வேண்டும்.

தராசு இன்னும் தெளிவாகச் சொன்னது: ஒரு பேட்டரி 210 கிராம். இந்த அளவுப் பெட்டிக்குள் 18650 எனப்படும் உருளை வடிவ செல் ஆறு இருக்க வேண்டும். ஒன்று சுமார் 45 கிராம் என்றால் செல் மட்டுமே 270; பெட்டியோடு 300-ஐ நெருங்கும். 210 என்றால் உள்ளே நாலு செல்தான். குளிரில் சீக்கிரம் படுத்ததற்கும் இதுவே காரணம்: மூன்று ஜோடி பகிர வேண்டிய கரண்டை இரண்டு ஜோடி சுமக்கிறது, ஒவ்வொரு செல்லிலும் வோல்டேஜ் கூடுதலாகச் சரிகிறது. பெட்டியை உடைத்துப் பார்க்க வேண்டாம், ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.

எடைப் படத்தையும் கணக்கையும் அனுப்பியபோது திருப்பித் தரும் கெடு முடிந்திருந்தது. அதன்பின் பதிலே இல்லை. எனவே பேட்டரி வந்த வாரமே வீட்டுக்குள் சோதித்து, தராசையும் கடிகாரத்தையும் சேர்த்து வீடியோ எடுத்துவிடுங்கள். குளிரில் எடுத்த சோதனையை ஆதாரமாக அனுப்பினால் அதே “அப்படித்தான் சார்” வரும்.

குளிருக்கென்றே தயாரிக்கும் செல்கள் இருக்கத்தான் செய்கின்றன. அவற்றை விற்பவரிடம், ஒவ்வொரு வெப்பநிலையிலும் எவ்வளவு கொள்ளளவு கிடைக்கும் என்ற டேட்டாஷீட் இருக்கும். கேட்டால் மழுப்புகிறாரா, விட்டுவிடுங்கள். சாதாரண லித்தியம்-அயான் செல்லுக்கு வழக்கமாகத் தரும் வரம்பு டிஸ்சார்ஜுக்கு மைனஸ் 20, சார்ஜுக்கு 0 டிகிரி.

அந்த 0 டிகிரியை மீறவே கூடாது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் ஆனோடின் (செல்லின் எதிர்மின் முனை) மேல் உலோகமாகப் படியும். கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும், உள்ளே ஷார்ட் ஆகவும் வழியுண்டு. மலிவு பேட்டரிகளில் வெப்ப உணரி இல்லாமலோ அதற்குப் பதிலாக வெப்பத்தை உணராத ஒரு ரெசிஸ்டரைப் பெயருக்கு வைத்தோ வருவதுண்டு. சார்ஜர் தானாக நிறுத்திவிடும் என்று நம்பாதீர்கள்.

பேட்டரிகளை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். கைச்சூட்டுப் பொட்டலத்தை பேட்டரியில் நேரடியாகக் கட்ட வேண்டாம். சில வகை 60 டிகிரியையும் தாண்டும். டபுள்-ஏ போடும் ஃபிளாஷுக்கு ஆல்கலைன் குளிரில் உதவாது, சார்ஜ் ஏற்ற முடியாத 1.5 வோல்ட் லித்தியம் செல் வாங்குங்கள். மைனஸ் 40 என்று அதில் எழுதியிருந்தால் நம்பலாம்.