ஸ்டீவ் ஹில்லேஜின் ‘ரெயின்போ டோம் மியூசிக்’: பல வருடம் கேட்டபின்

ஹெட்போனைக் கழற்றி வையுங்கள். பிரிட்டிஷ் கிடார் கலைஞர் ஸ்டீவ் ஹில்லேஜின் இந்த ஆல்பம் காதுக்குள் அடைக்கச் செய்ததல்ல, ஓர் அறையை நிரப்பச் செய்தது. 1979 ஏப்ரலில் லண்டன் ஒலிம்பியா அரங்கில் நடந்த மனம்-உடல்-ஆன்மா விழாவில் ‘ரெயின்போ டோம்’ என்றொரு குவிமாடம் இருந்தது. அதற்குள் ஒலிக்கவென்றே இந்த இசை உருவானது. இசைத்தட்டின் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே தடங்கள்: 23 நிமிடத்துக்குச் சற்று மேல் ‘கார்டன் ஆஃப் பாரடைஸ்’, ஏறக்குறைய 20 நிமிடம் ‘ஃபோர் எவர் ரெயின்போ’. டிரம்ஸும் இல்லை, பாட்டும் இல்லை.

ஹில்லேஜின் முந்தைய ஆல்பங்களான ‘ஃபிஷ் ரைசிங்’ (1975), ‘கிரீன்’ (1978) கேட்டுவிட்டு கிடார் சோலோவை எதிர்பார்த்து வருபவர்கள்தான் முதலில் ஏமாறுகிறார்கள். கிடார் இருக்கத்தான் இருக்கிறது, ஆனால் முன்னால் வந்து நிற்காது. தான் முன்பு வாசித்த ‘காங்’ ராக் குழுவில் டேவிட் ஆலன் கையாண்ட கிளிசாண்டோ முறையை ஹில்லேஜ் இங்கேயும் கொண்டுவருகிறார். வழவழப்பான உலோகக் கம்பியால் தந்திகளை மெல்லத் தேய்த்து, அதை எக்கோவுக்குள் விடுவது அந்த முறை. மீட்டும்போது எழும் ‘டிங்’ என்ற தொடக்கமே இதில் கிடையாது. அதனால் சின்ன ஸ்பீக்கரில் கிடார் எது, சிந்தசைசர் எது என்று பிரிக்கவே முடியாது.

ஃபெண்டர் ரோட்ஸ் பியானோ, திபெத்திய மணிகள், சீக்வென்சர் (சுர வரிசையைத் தானாகத் திரும்பத் திரும்ப வாசிக்கும் கருவி) ஓட்டம் என்று முதல் தடத்தின் உயிர்நாடியில் ஹில்லேஜின் வாழ்க்கைத் துணையும் இசைக்கூட்டாளியுமான மிக்கேத் ஜிரோடிக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தத் தடத்தை இயற்றியவர்களில் அவரும் ஒருவர். முன்னட்டையில் ஹில்லேஜ் பெயர் மட்டும் இருப்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஒலியளவு விஷயத்தில்தான் பலர் தவறுகிறார்கள். தொடக்கத்தில் வரும் நீரோட்ட ஒலி மெல்லியது. அது தெளிவாகக் கேட்கட்டும் என்று ஏற்றிவிட்டால், பிறகு சீக்வென்சர் அடர்த்தியாகும்போது இரைச்சலாகிவிடும். சீக்வென்சர் ஓடும் பகுதியைப் போட்டு, அதற்கு மேல் சாதாரணக் குரலில் பேச முடிகிற அளவில் வைத்துவிட்டு, முதலிலிருந்து தொடங்குங்கள். மின்விசிறி முழு வேகத்தில் ஓடினால் நீரொலியும் மணிகளும்தான் முதலில் காணாமல் போகும். மூன்றில் வைத்தால் போதும். ஒற்றை புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். இடம் வலமாக விரிந்திருப்பதையெல்லாம் அது ஒரே புள்ளியில் குவித்துவிடும். ஆட்டோ ஸ்டாண்ட்பை (ஒலி இல்லாதபோது தானாக அணையும் வசதி) உள்ள ஸ்பீக்கர்களில் ஒலியளவு குறைவாக இருந்தால், மெல்லிய இடங்களில் ஒலி சட்டென்று அறுந்துபோகலாம். அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பதானால் கிராஸ்ஃபேட் (ஒரு தடத்தின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலப்பது), ஆட்டோபிளே (தானாக வேறு பாட்டைத் தொடங்குவது) இரண்டையும் நிறுத்துங்கள். கண் அயரும் நேரத்தில் ஆல்பம் முடிந்ததும் டிரம்ஸோடு வேறொரு பாட்டு தொடங்கினால், அதுவரை கிடைத்த அமைதி அத்தனையும் வீண்.

முதல் பதிப்பின் எல்பி கண்ணாடி போல ஒளி ஊடுருவும் வினைல். பார்க்க அழகு, ஆனால் தூசும் கீறலும் எளிதில் கண்ணில் படாது. வாங்கும்போது விளக்கைச் சாய்வாகப் பிடித்து, இரண்டாம் பக்கத்தைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். முதல் பக்கத் தொடக்கத்தில் சிறு பொரிச்சலை நீரொலி மூடிவிடும். இரண்டாவது பக்கமோ நீண்டு நிற்கும் சுரங்களால் ஆனது; ஒவ்வொரு ‘டிக்’கும் காட்டிக்கொடுக்கும். நடுத்துளை சற்று விலகியிருந்தாலும் அங்கேதான் தெரியும். 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. அதே இடைவெளியில் சுரம் மேலும் கீழும் ஊசலாடினால் துளையைச் சந்தேகியுங்கள். தட்டைச் சுழற்றும் கருவியின் பெல்ட்டை மாற்றிப் பயனில்லை. சிடியில் இந்தத் தொல்லைகள் கிடையாது, தட்டைப் புரட்டவும் வேண்டாம். தினமும் போடுவதற்கு என் தேர்வு அதுதான்.

இரண்டாம் தடத்தைப் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். முதலாவதைப் போல மணியும் நீருமாக அது வரவேற்காது. இன்னும் மெதுவானது, கொஞ்சம் இருண்டது. வேலை செய்தபடியோ புத்தகம் வாசித்தபடியோ கேட்க முதல் தடம் பொருந்தும். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருக்கும்போது இரண்டாவதுக்கு ஈடில்லை. நிறைய நாட்கள் கேட்டபின் நான் அதிகம் திரும்பிப் போவதும் அதற்குத்தான்.

1989 வாக்கில் லண்டன் ‘ஹெவன்’ கிளப்பின் ஓய்வறையில் ‘தி ஆர்ப்’ எலக்ட்ரானிக் இசைக்குழுவின் அலெக்ஸ் பேட்டர்சன் இந்த ஆல்பத்தைப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஹில்லேஜே அங்கே போய்க் கேட்டிருக்கிறார். அந்தச் சந்திப்பின் தொடர்ச்சியாகத்தான் ஹில்லேஜும் ஜிரோடியும் ‘சிஸ்டம் 7’ என்ற எலக்ட்ரானிக் இசைக்குழுவைத் தொடங்கினார்கள். ஆடிக் களைத்தவர்கள் சாய்ந்து கிடந்த அந்த அறைக்கும் இந்த இசை அப்படியே பொருந்தியிருக்கிறது.