சிறிய ஜெட்டுக்கு அடுத்து எது? லேட்டிடியூட், பிரேட்டர் 500: கோவையிலிருந்து ஒரு கணக்கு

கோவையில் ஒரு ஜவுளிக் குடும்பத்துக்காக எம்ப்ரேயர் ஃபினாம் 300 ஓட்டுகிறேன். எட்டு வருடத்தில் பழுது என்று ஒரு பயணத்தைக்கூட நடுவழியில் நிறுத்தியதில்லை அந்த விமானம். ஆனால் உள்ளே உயரம் 4 அடி 11 அங்குலம்தான். முதலாளியின் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி வேறு. போன வருடம் டெல்லியில் இறங்கும்போது இருக்கையைப் பிடித்துக் குனிந்தபடியே கேட்டார்: "ஏனுங்க கேப்டன், அடுத்தது வாங்கறப்ப உள்ளார நிமுந்து நடக்கற மாதிரி பாக்கலாமுங்களா?" பெரிய விமானம் பற்றிய பேச்சு வீட்டில் அன்றைக்குத்தான் தொடங்கியது.

உடனே விற்பனையாளர்களின் வண்ணப் புத்தகங்கள் மேசைக்கு வந்துவிட்டன. எல்லோரும் முதலில் பார்ப்பது அதிகபட்சத் தூரத்தை. எது அதிகமோ அது உசத்தி என்று ஒரு முடிவுக்கும் வந்துவிடுகிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அவற்றை ஓரமாக வைத்துவிட்டு எங்கள் பறப்புப் பதிவேட்டை எடுத்தேன். கோவையிலிருந்து டெல்லி சுமார் 1,050 கடல் மைல் (ஒரு கடல் மைல் சுமார் 1.85 கி.மீ.). டாக்காவும் கிட்டத்தட்ட அதேதான். துபாய் 1,500, சிங்கப்பூர் 1,700. கடைசியாக ஹாங்காங், 2,220. இவ்வளவுதான் எங்கள் உலகம். இதில் எந்த ஊர் எந்த விமானத்தை வெளியேற்றுகிறது என்பதுதான் கேள்வி.

ஃபினாமின் தூரம் ஏறக்குறைய 2,000 கடல் மைல் என்பார்கள். மழைக்காலத்தில் சிங்கப்பூருக்கு நான்கு பேருக்கு மேல் ஏற்ற எனக்கு மனம் வராது. தை மாதத்தில் துபாய்க்குப் போகும்போது எதிர்காற்று பலமாக இருந்தால் அகமதாபாத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பியிருக்கிறேன். ஹாங்காங்குக்கு இதுவரை பயணிகள் விமானம்தான்.

புதியதில் நேருக்கு நேர் நிற்பவை இரண்டு. செஸ்னா சைட்டேஷன் லேட்டிடியூட் 2015-இல் சான்றிதழ் பெற்றது. எம்ப்ரேயர் பிரேட்டர் 500, முந்தைய லெகசி 450-இன் உடம்பில் கூடுதல் எரிபொருளையும் புதிய இறக்கை நுனியையும் சேர்த்து 2019-இல் வந்தது. உயரம் இரண்டிலும் 6 அடி, தளம் சமதளம். அம்மாவின் கேள்விக்கு இரண்டுமே பதில். அகலம் லேட்டிடியூட்டில் 6 அடி 5 அங்குலம், பிரேட்டரில் 6 அடி 10. உட்கார்ந்து பார்த்தால் அந்த ஐந்து அங்குலம் தோளில் தெரியும். ஆனால் அதை வைத்து மட்டும் யாரும் முடிவு செய்ய வேண்டாம்.

வேகத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். உச்சபட்சப் பறப்பு வேகம் லேட்டிடியூட்டுக்கு 446 நாட் (மணிக்கு 446 கடல் மைல்), பிரேட்டருக்கு 466. டெல்லிப் பயணத்தில் ஆறு நிமிட வித்தியாசம். டெல்லியில் தரையிறங்கிய பிறகு நிறுத்துமிடத்துக்காகக் காத்திருப்பதே அதைவிட அதிகம்.

தூரம் அப்படியல்ல. லேட்டிடியூட் 2,700 கடல் மைல், பிரேட்டர் 3,340. இரண்டும் நான்கு பயணிகளோடு, சிக்கன வேகத்தில், காற்றே இல்லாத வானத்தில், போன ஊரில் இறங்க முடியாவிட்டால் மாற்று நிலையத்துக்குப் போக வேண்டிய எரிபொருளை ஒதுக்கிவிட்டுச் சொல்லப்படும் எண்கள். 2,220 மைல் ஹாங்காங்குக்கு லேட்டிடியூட்டே தாராளம் போலத் தோன்றும். தமிழ்நாட்டிலிருந்து கிழக்கே பறப்பவர்கள் இந்த இடத்தில்தான் நிதானிக்க வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பலமான காற்றோட்டம் ஓடுகிறது. கீழை ஜெட் ஸ்ட்ரீம் என்பது அதுதான். இந்திய வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம் 1958-இல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். அதன் மையம் ஏறக்குறைய 45,000 அடி உயரத்தை ஒட்டி இருக்கிறது. இந்த இரண்டு விமானங்களின் உச்சவரம்பும் அதே 45,000 அடி! எரிபொருளை மிச்சம் பிடிக்க மேலே ஏறினால் எதிர்காற்றின் வாய்க்குள்ளேயே போகிறோம். கீழே இறங்கினால் காற்று குறையும், ஆனால் என்ஜின் அதிகம் குடிக்கும். 400 நாட் வேகத்தில் போகும்போது 50 நாட் எதிர்காற்று என்று வைத்துக்கொண்டால், 2,220 மைல் பாதை காற்றுக் கணக்கில் 2,540 ஆகிவிடுகிறது. வங்காள விரிகுடாவில் ஆடி மாதத்து இடிமேகங்கள் 50,000 அடியையும் தாண்டி நிற்கும். அவற்றை மேலே தாண்ட முடியாது, சுற்றித்தான் போக வேண்டும். அதற்கும் எரிபொருள் வேண்டும். ஏழு பேரும் அவர்கள் பெட்டிகளும் ஏறினால் லேட்டிடியூட்டின் 2,700 என்ற எண் அங்கேயே நிற்காது. டாங்கை முழுக்க நிரப்பினால் ஆட்களுக்கும் சாமானுக்குமாக அதில் மிஞ்சுவது சுமார் 1,000 பவுண்டுதான். ஆக, கார்த்திகையில் அது ஹாங்காங் போகும், ஆடியில் நிறைந்த சுமையோடு நேராகப் போகாது.

பிரேட்டருக்கு அதே நாளில் நல்ல மிச்சம் இருக்கும். அந்தக் கூடுதல் 640 மைலின் உண்மையான மதிப்பு இதுதான். அதை வைத்துப் புது ஊர் கிடைத்துவிடும் என்று நம்ப வேண்டாம். இஸ்தான்புல் கோவையிலிருந்து சுமார் 3,100 மைல், வரைபடத்தில் பிரேட்டரின் வட்டத்துக்குள் வருகிறது. குளிர்காலத்து மேலைக்காற்றில் அந்தப் பயணம் 3,500-ஐத் தாண்டும். வளைகுடாவில் ஒருமுறை இறங்கியே தீர வேண்டும். அதே நிறுத்தத்தை லேட்டிடியூட்டும் போடும்.

ஓடுபாதைக்கு வருவோம். புறப்பட லேட்டிடியூட் கேட்பது 3,580 அடி, பிரேட்டர் 4,222 அடி. இறங்குவதில் தலைகீழ்: லேட்டிடியூட் 2,480, பிரேட்டர் 2,086 என்று போட்டிருக்கிறார்கள். எந்த எடைக்கு என்று கேட்காமல் இந்த எண்களை ஒப்பிடவே கூடாது. எல்லாம் கடல் மட்டத்தில் 15 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. சித்திரை மாத மதியம் சேலத்தில் அந்த 15 டிகிரி எங்கே இருக்கிறது? சேலம் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர், புதுச்சேரி சுமார் 1,500 மீட்டர். சேலத்தில் இரண்டுக்கும் இடமிருக்கிறது. புதுச்சேரியில் எரிபொருளை நிறைத்துக்கொண்டு கோடை மதியத்தில் கிளம்ப வேண்டுமென்றால் லேட்டிடியூட்தான் எனக்குத் தைரியம் தரும். அதன் இறக்கை அதிகம் பின்சாயாதது. வேகத்தை விட்டுக்கொடுத்துக் குறுகிய ஓடுபாதையை வாங்கிக்கொண்ட வடிவம் அது.

விமானி அறையில் எனக்கே ஒரு வியப்பு காத்திருந்தது. ஃபினாம் எம்ப்ரேயர் என்பதால் பிரேட்டருக்கு மாறுவது சுலபம் என்று முதலாளி நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஃபினாமில் இருப்பது கார்மின் நிறுவனத்தின் திரைகள். லேட்டிடியூட்டிலும் கார்மின்தான், ஜி5000. பிரேட்டரில் வேறு நிறுவனம்: காலின்ஸின் புரோ லைன் ஃப்யூஷன். அதாவது கை பழகிய வீடு செஸ்னாவில் இருக்கிறது. அதோடு பிரேட்டர் முழுக்க ஃப்ளை-பை-வயர், அதாவது விமானியின் கை அசைவு கணினி வழியாக மின் சமிக்ஞையாகத்தான் இறக்கைக்குப் போகும்: நடுவில் கைப்பிடி கிடையாது, பக்கவாட்டில் ஒரு குச்சி. என் உடன் விமானிக்கு ஐம்பத்தாறு வயது. எந்த விமானமானாலும் வெளிநாட்டு சிமுலேட்டருக்குப் போய்த்தான் ஆக வேண்டும், ஆனால் பிரேட்டருக்கு மனதையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

அந்த ஃப்ளை-பை-வயர் சும்மா இல்லை. காற்று உலுக்கும்போது கணினி அதை உணர்ந்து, விமானி அசைவதற்கு முன்பே இறக்கைப் பரப்புகளை அசைத்துக் குலுக்கலைக் குறைக்கிறது. பருவமழையில் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டி இறங்கி ஏறும் எங்களுக்கு இது பெரிய விஷயம். லேட்டிடியூட்டில் பழைய முறைக் கம்பிகள்தான். என் பொறியாளருக்கு அது பிடிக்கும், கண்ணால் பார்த்துக் கையால் தொட்டுச் சரிபார்க்கலாம்.

செலவில் பெரிய மர்மம் இல்லை. விலையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. பறந்த மணிக்கு இவ்வளவு என்று கட்டும் என்ஜின் பராமரிப்புத் திட்டம் இரண்டுக்கும் உண்டு: லேட்டிடியூட்டின் என்ஜினுக்கு பிராட் அண்ட் விட்னி தருகிறது, பிரேட்டரின் என்ஜினுக்கு ஹனிவெல். எதை வாங்கினாலும் அதில் சேர்ந்துவிட வேண்டும். பலர் கவனிக்காத ஒன்று எடை: லேட்டிடியூட் சுமார் 14 டன், பிரேட்டர் 17 டன். நம் விமான நிலையங்களில் இறங்கு கட்டணம் எடையை வைத்துத்தான். வருடம் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் கணக்குப்பிள்ளை நிமிர்ந்து பார்ப்பார். வரியை ஆடிட்டரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சொந்த உபயோக விமானத்துக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். எந்தப் பிரிவில் பதிவு செய்கிறோம் என்பது விலைப் பேரத்தைவிடப் பெரிய தொகை.

இணையத்துக்கும் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் தரைக் கோபுரம் வழியாக இயங்கும் வசதியைச் சேர்த்து விற்பார்கள். இங்கே அது வெறும் பெட்டி. செயற்கைக்கோள் ஆன்டெனாவைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

பழையது வாங்கலாமே என்று முதலாளியின் தம்பி கேட்டார். சேலஞ்சர் 300 அருமையான விமானம். உள்ளகலம் 7 அடி 2 அங்குலம், தூரம் 3,065 மைல். ஆனால் 2004-இல் சேவைக்கு வந்த வரிசை. விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ-வின் வயது வரம்பையும் அடுத்த பெரிய பரிசோதனை எப்போது என்பதையும் பார்க்காமல் தொடக் கூடாது. ஹாக்கர் 800 குடும்பத்தை மதிக்கிறேன். உற்பத்தி நின்று பத்து வருடத்துக்கு மேலாகிறது, வேண்டாம். லியர்ஜெட்டும் 2022-இல் நின்றுவிட்டது. பழையதில் நான் உண்மையாகவே யோசித்தது லெகசி 450-ஐ. அதைப் பின்னாளில் பிரேட்டர் 500 ஆக மாற்றிக்கொள்ள எம்ப்ரேயரே வழி வைத்திருக்கிறது.

என் முடிவு இது. டெல்லி, துபாய், சிங்கப்பூர், அவ்வப்போது புதுச்சேரி என்றால் லேட்டிடியூட், மறுயோசனையே வேண்டாம். பழகிய திரைகள், எளிய அமைப்பு, குறைந்த எடை. ஆனால் முதலாளியின் மகன் இப்போது மாதம் ஒருமுறை ஹாங்காங் போகிறார், உடன் ஐந்தாறு பேர். ஆடி, ஆவணியிலும் வேலை நிற்காது. அந்த ஒரு ஊருக்காக பிரேட்டர் 500 என்று எழுதிக் கொடுத்தேன்.

கூடவே ஒரு நிபந்தனையும் எழுதினேன். விற்பனையாளர் மார்கழிக் காலையில் டெமோ காட்டத் தயாராக இருக்கிறார். நான் ஜூலை கேட்டிருக்கிறேன்: மதியம் இரண்டு மணி, கோவையிலிருந்து கிழக்கே, ஏழு பேர், முழுப் பெட்டிகள். அம்மாவும் வருகிறார்.