14 வருடமாக ஓடும் ஒரு ஃபேன்

எங்கள் ஹாலில் 2011-இல் மாட்டிய 48 அங்குல ஃபேன் இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. பெட்டியில் ‘ஸ்வீப் 1200 மி.மீ.’ என்று போட்டிருந்தது. ரெக்கை முனைகள் சுற்றும் வட்டத்தின் விட்டம் அது. ஒரு ரெக்கையின் நீளமல்ல.

நான்காவது கோடையில் வேகம் குறைந்தது. சில நாள் கையால் தள்ளிவிட்டால்தான் சுற்றவே ஆரம்பிக்கும். பார்க்க வந்தவர், “காயில் போயிடுச்சு சார், ரீவைண்டிங் பண்ணணும்” என்றார். மனசு ஒப்பவில்லை. இன்னொரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். “காயில் எரிஞ்சிருந்தா வாடை வந்திருக்குமே, இது கண்டன்சர்தான்” என்று சொல்லி, பழையதில் இருந்தபடியே 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சரை மாற்றினார். ஃபேன் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்துதான் ஒவ்வொரு பாகமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன்.

வீட்டுக்கு வரும் சிங்கிள் ஃபேஸ் கரண்ட், தானாக மோட்டாரைச் சுழற்றிவிடாது. அதற்காகவே உள்ளே இரண்டு சுற்றுக் கம்பிகள், அதாவது காயில்கள், இருக்கின்றன. இரண்டாவதற்குப் போகும் கரண்டை நேரம் பிசகச் செய்து சுழற்சியை உண்டாக்குவது கண்டன்சர். நாள்பட அதன் மதிப்பு இறங்கும்போது வேகமும் இறங்குகிறது. கூடுதல் வேகம் வேண்டுமென்று பெரிய மதிப்பில் போடாதீர்கள், காயில் சூடாகும்.

இன்னொன்று எனக்கே வியப்பாக இருந்தது. சீலிங் ஃபேனில் நடுத்தண்டும் காயிலும் அசையாமல் நிற்கின்றன. வெளிக்கூடுதான் ரெக்கைகளோடு சுற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது பேரிங். ஒன்பதாம் வருடம் கரகர சத்தம் வந்தபோது பேரிங்கை மட்டும் மாற்றினோம்.

ரெக்கை விஷயத்தில் தவறு செய்தது நான்தான். பெயின்ட் அடிக்கும்போது ஏணி இடித்து ஒன்று வளைந்தது. ஒற்றை ரெக்கை வாங்கிப் போட்டேன், ஆட்டம் முன்னைவிட அதிகமானது. எடை பார்த்துச் சேர்த்த செட் அது, மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஆட்டம் இருந்தால் ஒரே இடத்தில் ஸ்கேலை வைத்து, கூரையிலிருந்து ஒவ்வொரு முனைக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். வளைந்தது எது என்று தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது மேல் கப்புக்குள் ஒளிந்திருக்கும் ஸ்ப்ளிட் பின். ராடைத் தாங்கும் போல்ட்டின் நட்டு அதிர்வில் கழன்று விழாமல் பிடித்து வைப்பது அந்தச் சின்னக் கம்பிதான். ஃபேன் துடைக்கும்போது மெயினை அணைத்து, கப்பை இறக்கி அதையும் கொக்கியில் உட்காரும் ரப்பர் புஷ்ஷையும் பார்க்கிறேன். பத்தாம் வருடம் எங்கள் புஷ் வெடித்திருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் படுக்கையறைக்கு பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) ஃபேன் வாங்கினோம். பழையது 75 வாட், இது முழு வேகத்தில் 30 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் அரை யூனிட்டுக்கு மேல் மிச்சம். பழைய ரெகுலேட்டரை நீக்கிவிட்டு நேரடியாக இணைக்க வேண்டும். வேகத்தை ரிமோட் பார்த்துக்கொள்ளும். ஆனால் உள்ளே இருப்பது சர்க்யூட் போர்டு. பழுதானால் தெருமுனைக் கடையில் சரிசெய்வது கடினம். அதனால் வாரன்ட்டி நீளமாக உள்ளதையே வாங்குங்கள், பில்லையும் பத்திரமாக வையுங்கள். ஹால் ஃபேனை மாற்றும் எண்ணம் எனக்கு இப்போதைக்கு இல்லை. அதற்கான கண்டன்சர் ஒன்று அலமாரியில் தயாராக இருக்கிறது.